தண்ணீர்க் கூலரைக் கழற்றிவிட்டுக் காற்றுக்கு வந்தோம்

பர்மியப் புத்தாண்டையொட்டி வருகிற திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அக்கா போன் செய்தாள். "தம்பி, இவன் கம்ப்யூட்டரைப் பிரிச்சுப் போட்டுட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கான். சோறு திங்கவும் வரல. ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போப்பா." நான் இருப்பது சிரியத்தில். பஸ் பிடித்து, பகோ ஆற்றுப் பாலம் தாண்டி, ரங்கூனில் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. கரண்ட் இல்லாத நேரம். மூன்றாம் மாடி, பன்னிரண்டரை அடி அகலத்தில் நீளமாகப் போகிற வீடு. முன்பக்கம் ஒரு ஜன்னல், பின்பக்கம் ஒரு ஜன்னல், நடுவில் இருக்கிற அறையில் மருமகனின் மேஜை. சுவரில் தொங்கிய தெர்மாமீட்டர் 35 காட்டியது.

மேஜை மேல், தண்ணீரைச் சுற்றவிட்டு ப்ராசசரின் சூட்டை இறக்குகிற லிக்விட் கூலரின் பம்ப் மல்லாந்து கிடந்தது. அதன் செப்புத் தகட்டில், கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசசர் சிப் ஒட்டிக்கொண்டிருந்தது, ஊசி போன்ற கால்கள் எல்லாம் மேலே பார்த்தபடி.

"மாமா, நாலு ஸ்க்ரூவையும் கழட்டிட்டு நேரா தூக்கினேன். இதுவும் சேர்ந்து வந்துட்டு."

ஏஎம்4 சாக்கெட்டில், அதாவது மதர்போர்டில் ப்ராசசர் உட்காருகிற இடத்தில், இது அடிக்கடி நடக்கிற விபத்து. அந்த சாக்கெட் ப்ராசசரின் கால்களைப் பக்கவாட்டில்தான் கவ்வுகிறது. மேலே மூடிப் பிடிக்கிற சட்டம் எதுவும் கிடையாது. ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவே சூடு கடத்தப் பூசுகிற தெர்மல் பேஸ்ட் காய்ந்து இறுகியிருந்தால், லீவர் பூட்டியிருந்தாலும் கூலரோடு ப்ராசசர் உருவிக்கொண்டு வந்துவிடும். கழற்றுவதற்கு முன்னால் பத்து நிமிடம் ஏதாவது ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்த கையோடு கூலரை இடமும் வலமும் மெதுவாகத் திருகி, பிடி விட்டது என்று கைக்குத் தெரிந்த பிறகுதான் தூக்க வேண்டும். புதிய ஏஎம்5 சாக்கெட்டில் கால்கள் மதர்போர்டு பக்கம் போய்விட்டன, மேலே சட்டமும் வந்துவிட்டது. அதனால் இந்தத் தொல்லை அங்கே இல்லை.

மருமகனைத் திட்ட மனம் வரவில்லை. 1331 கால்களில் ஓரமாக மூன்று மட்டும் சாய்ந்திருந்தன. ஒன்றும் முறியவில்லை.

முதலில் ப்ராசசரைத் தகட்டிலிருந்து பிரிக்க வேண்டும். ஹேர் டிரையர் வைத்துச் சூடாக்கலாம் என்றால் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டரில் அதைப் போடக் கூடாது. கத்தியை நுழைத்து நெம்புவது நடக்கவே கூடாத வேலை. பால்கனியில் ஏப்ரல் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ப்ராசசரின் கால்கள் எதன் மீதும் படாமல், பம்ப்போடு சேர்த்து ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்து வெயிலில் விட்டோம். இருபது நிமிடத்தில் தொட்டால் கை சுடுகிற அளவுக்குச் சூடாகிவிட்டது. அப்புறம் நைலான் நூலை ஓரத்தில் கொடுத்து, மூட்டையைத் தைப்பது போல முன்னும் பின்னும் இழுத்தேன். நாலாவது இழுப்பில் 'பொத்' என்று ஒரு சின்னச் சத்தம். பிரிந்துவிட்டது.

கால்களை நிமிர்த்த 0.5 மி.மீ. மைக்ரோடிப் பென்சில் போதும். லெட்டை எடுத்துவிட்டால் அதன் உலோக மூக்கு ஒரு காலுக்குத் தொப்பி போட்டது போலச் சரியாகப் பொருந்தும். ஒரே முறையில் நேராக்கப் பார்க்கக் கூடாது. கொஞ்சம் நிமிர்த்தி, கண் மட்டத்துக்குத் தூக்கி, வரிசை நேராக இருக்கிறதா என்று நாலு பக்கமும் பார்த்து, மறுபடி கொஞ்சம். மருமகன் போன் டார்ச்சைப் பிடித்தான். மூன்று கால்களுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. சாக்கெட்டில் வைத்தபோது தன் எடையிலேயே கீழே இறங்கி உட்கார்ந்தது. அழுத்த வேண்டியிருந்தால் எங்கோ இன்னும் கோணல் இருக்கிறது என்று அர்த்தம். அப்போது எடுத்துவிட்டுத் திரும்பப் பார்க்க வேண்டும்.

இனி மெஷினைப் பற்றி. ரைசன் 7 5800எக்ஸ், பி550 மதர்போர்டு, 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, தண்ணீரின் சூட்டை வெளியே விடுகிற 240 மி.மீ. ரேடியேட்டர் உள்ள மூடிய லிக்விட் கூலர். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருவர் பயன்படுத்தியதை அப்படியே முழு செட்டாக வாங்கியது. கூலர் தயாரித்து எப்படியும் நாலு வருடம் தாண்டியிருக்கும். மருமகன் சொன்ன நோய் இது: கேம் திறந்த அரை நிமிடத்தில் ப்ராசசர் 90 டிகிரிக்குப் போகிறது, வேகம் 3 கிகாஹெர்ட்ஸுக்கும் கீழே விழுகிறது, படம் திக்கித் திணறுகிறது. 5800எக்ஸுக்கு 90 டிகிரிதான் உச்ச வரம்பு. அதைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பேஸ்ட் காய்ந்திருக்கும் என்று நினைத்துத்தான் அவன் கழற்றியிருக்கிறான். நினைத்ததில் தப்பில்லை.

அதனால் முதலில் அந்தச் சந்தேகத்தையே தீர்த்தேன். இரண்டு பக்கமும் பழைய பேஸ்ட்டைத் துடைத்து, புதுப் பேஸ்ட் போட்டு, அதே லிக்விட் கூலரைத் திரும்ப மாட்டினேன். சாயந்திரம் தெருவில் பிள்ளைகள் "மீ லா பீ!" என்று கத்தினார்கள். கரண்ட் வந்துவிட்டது. ஆன் செய்தோம். மூன்று கால்களும் பிழைத்துக்கொண்டன, விண்டோஸ் வந்தது. ஆனால் ப்ராசசரை முழு வேகத்தில் ஓடவைத்துச் சோதிக்கிற சினிபெஞ்ச் மென்பொருளை ஓட்டிய நாற்பதாவது நொடியில் மறுபடி 90.

மென்பொருளில் பார்த்தால் பம்ப் நிமிடத்துக்கு 2700 சுற்று என்று காட்டுகிறது. அதைப் பார்த்துப் பலரும் பம்ப் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார்கள். அந்த எண் மோட்டார் சுற்றுகிறது என்பதை மட்டும்தான் சொல்லும். தண்ணீர் ஓடுகிறதா என்பதைச் சொல்லாது. அதற்குக் கைதான் கருவி. இரண்டு குழாய்களையும் இரண்டு கையால் பிடித்துப் பாருங்கள். ஓட்டம் சரியாக இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும், வித்தியாசம் கைக்கே தெரியாது. இங்கே ஒன்று கொதித்தது, இன்னொன்று சாதாரணமாக இருந்தது. ரேடியேட்டரின் தகடுகள் அறைச் சூட்டிலேயே இருந்தன. ப்ராசசர் 90 டிகிரியில் வேக, ரேடியேட்டருக்கு அந்தச் செய்தியே போய்ச் சேரவில்லை. கூலர் செத்துவிட்டது.

பிறகு ஒரு நாள் அதைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்த திரவம் ஒரு டீ கிளாஸைக்கூட நிறைக்கவில்லை. இவ்வளவு சின்ன அமைப்பில் நாலு வருடம் ரப்பர் குழாய் வழியே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போனால், மீதி இடத்தைக் காற்றுதான் நிரப்பும். செப்புத் தகட்டின் உட்புறம் சீப்புப் பல் போல மிக நெருக்கமாக அறுக்கப்பட்ட மெல்லிய சிறகுகள் இருக்கும், தண்ணீர் அவற்றின் நடுவேதான் ஓட வேண்டும். அந்த இடுக்கு முழுவதும் பழுப்பு நிறத்தில் வழவழவென்று ஒரு படிவு, குளத்துப் படிக்கட்டுப் பாசி மாதிரி. தகடு செம்பு, ரேடியேட்டர் அலுமினியம். இரண்டு உலோகமும் ஒரே தண்ணீரில் ஊறும்போது அரிப்பைத் தடுக்கத்தான் கிளைகாலும் மருந்தும் கலக்கிறார்கள். காலப்போக்கில் அதன் வீரியம் குறைந்தால் இப்படித்தான் படிகிறது. ஊசியை விட்டு நோண்டியபோது ஜெல்லி போல உரிந்து வந்தது.

திஞ்சானுக்குக் கடைகள் எல்லாம் அடைத்துவிட்டன. என் பெட்டியில் பழைய ஆறு கோர் ரைசனோடு வந்த ரெய்த் ஸ்டெல்த் கூலர் ஒன்று கிடந்தது. 5800எக்ஸை ஏஎம்டி கூலர் இல்லாமல்தான் விற்றது. 65 வாட் சிப்புகளுக்கு வந்த அந்தக் குட்டிக் கூலரை இதன் தலையில் வைப்பது குழந்தை தலையில் நெல் மூட்டை வைப்பது போல. ஆனாலும் பத்து நாள் ஓட்டியாக வேண்டும். மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய், ப்ராசசரின் மின் வரம்பை 65 வாட்டில் கட்டிப் போட்டேன்.

இதை மாட்டும்போது ஒரு கவனம் தேவை. ஸ்டெல்த் மதர்போர்டின் பின்தகட்டில் நேராக ஸ்க்ரூ வழியே உட்காரும். அதற்காக முன்பக்க பிளாஸ்டிக் தாங்கிகளைக் கழற்றினால், பின்னால் பிடிப்பு எதுவும் இல்லாமல் தகடு டொக்கென்று கீழே விழுந்துவிடும். கேஸின் பின்பக்கக் கதவையும் திறந்து வைத்து, ஒரு கையால் தகட்டைத் தாங்கிக்கொண்டுதான் நாலாவது ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டும். என் கை போதாமல் மருமகன் பின்னால் பிடித்துக்கொண்டான்.

கேமில் 84 டிகிரி. சத்தம் அதிகம். ஆனால் ஓடியது. வெளியே தண்ணீர் பீய்ச்சி விளையாடுகிற சத்தத்துக்கு நடுவே அவன் மூன்று நாள் கழித்து நிம்மதியாகச் சோறு சாப்பிட்டான்.

அந்தப் பத்து நாளும் பேச்சு ஒன்றுதான்: அடுத்து என்ன வாங்குவது? அவனுக்கு 360 மி.மீ. லிக்விட் வேண்டும். மூன்று ஃபேன், வண்ண விளக்கு, பம்ப் மூடியில் டிகிரி காட்டுகிற சின்னத் திரை. "தண்ணிதான் மாமா ஜில்லுன்னு வெச்சிருக்கும்" என்றான். இந்த நம்பிக்கை எல்லோருக்கும் இருக்கிறது. இதை நிதானமாகப் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

அவனிடம் இப்படிச் சொன்னேன். தண்ணீர் சூட்டை அழிப்பதில்லை. ப்ராசசர் இருக்கிற இடத்திலிருந்து ரேடியேட்டர் இருக்கிற இடத்துக்குச் சுமந்துகொண்டு போகிறது. அங்கே அதைத் தள்ளிவிடுவது அதே ஃபேன், அதே அறைக் காற்று. அறை 35 என்றால் எந்தக் கூலரும், அது எவ்வளவு விலையானாலும், 35க்குக் கீழே இறங்காது. அதனால்தான் நம் ஊர் ஈரக் காற்றில் லிக்விட் குழாயில் பனி கோர்த்து போர்டில் சொட்டிவிடும் என்ற பயமும் தேவையில்லை. அறையை விடக் குளிர்ந்த இடம் அதற்குள் எங்கும் கிடையாது.

இன்னொன்றும் சொன்னேன். குளிரூட்டிய அறையில் 21, 22 டிகிரியில் வைத்து அளந்த எண்களைத்தான் நாம் வீடியோவில் பார்க்கிறோம். அங்கே 75 என்றால் அறையை விட 53 கூட என்று அர்த்தம். நம் அறையில் அதே கூலர் 88 காட்டும். கூலர் கெட்டுப் போகவில்லை, ஊர்தான் வேறு.

காற்றுக் கூலருக்குள்ளும் தண்ணீர் இருக்கிறது என்று சொன்னபோது அவன் நம்பவில்லை. அந்தச் செப்புக் குழாய்கள் கெட்டியான கம்பிகள் கிடையாது. உள்ளே காற்றை உறிஞ்சிவிட்டு, சில துளித் தண்ணீரை விட்டு அடைத்திருப்பார்கள். அழுத்தம் குறைவு என்பதால் 100 டிகிரி வரை காத்திராமல் குறைந்த சூட்டிலேயே அது ஆவியாகும். ஆவி மேலே தகடுகளுக்குப் போய்ச் சூட்டை விட்டுவிட்டுத் தண்ணீராகி, குழாயின் உட்சுவரில் இருக்கிற திரி போன்ற பூச்சு வழியே திரும்ப இறங்கி வரும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற அதே விதம். 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் விண்கலங்களை மனதில் வைத்து உருவாக்கிய குழாய் இது. பம்ப் இல்லை, மோட்டார் இல்லை, ரப்பர் இல்லை. கெட்டுப் போகக்கூடியது வெளியே மாட்டியிருக்கிற ஃபேன் ஒன்றுதான்.

என் முடிவுக்குப் பெரிய காரணமும் இதுதான். 120 மி.மீ. ஃபேன் ரங்கூனில் எந்தக் கம்ப்யூட்டர் கடையிலும் கிடைக்கும். ஃபேன் நின்றுபோனாலும் தகடுகளில் கொஞ்சம் காற்றோட்டம் இருக்கும், மெஷின் மெதுவாகவாவது நடக்கும். லிக்விட் கூலரில் பம்ப் போனால் அரை நிமிடம்தான். தனியாகப் பம்ப் விற்பதில்லை, முழு கூலரும் குப்பைக்குப் போகும். வாரண்டி என்று ஐந்து, ஆறு வருடம் அட்டைப் பெட்டியில் போட்டிருப்பார்கள். பாங்காக்கிலிருந்து வருகிற தெரிந்த ஆள் பையில் கொண்டுவந்து கொடுத்த பொருளுக்கு வாரண்டி கேட்டு எங்கே போவது?

அவனுக்கு அறிவு ஒப்புக்கொண்டது, மனசு ஒப்பவில்லை. சரி, அளந்தே பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். கடைகள் திறந்ததும் தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ வாங்கினேன். ஆறு வெப்பக் குழாய், இரட்டைக் கோபுரம், இரண்டு 120 ஃபேன். நல்ல நிலையில் இருக்கிற 240 லிக்விட் ஒன்றை நண்பரிடம் நாலு நாள் இரவல் கேட்டேன். ஒரே கேஸ், ஒரே பேஸ்ட், ஒரே கேம், அறை 33 முதல் 34 வரை. மின் வரம்பைப் பழையபடி தயாரிப்பாளர் வைத்த 142 வாட்டுக்கே திருப்பினேன்.

சினிபெஞ்சை முழு வேகத்தில் ஓட்டியபோது இரண்டுமே 90ஐத் தொட்டன. காற்றுக் கூலர் ஒன்றரை நிமிடத்தில் தொட்டது. லிக்விட் பதினொரு நிமிடம் தாக்குப்பிடித்து 89க்கும் 90க்கும் நடுவே நின்றது. இதற்குக் காரணம் அந்தச் சிப்பின் அமைப்பு. எட்டுக் கோரும் சுமார் 80 சதுர மி.மீ. அளவுள்ள ஒரே சில்லில் நெருக்கியிருக்கின்றன. அவ்வளவு சின்ன இடத்திலிருந்து 140 வாட் வெளியே வருவதற்கே திணறுகிறது. மேலே எவ்வளவு பெரிய கூலர் இருந்தாலும் அந்த வாசல் அகலமாகாது.

கேமில் கதை வேறு. அங்கே ப்ராசசர் 80, 90 வாட்டுக்கு மேல் குடிப்பதில்லை. லிக்விட் முதல் பத்து நிமிடம் 63 காட்டியது. மருமகன் முகம் மலர்ந்தது. "பாருங்க மாமா!" பொறு என்றேன். தண்ணீர் சூடேற நேரம் எடுக்கும், அவ்வளவுதான். இருபத்தைந்து நிமிடத்தில் 69க்கு வந்து நிலைத்தது. காற்றுக் கூலர் ஐந்து நிமிடத்தில் 72க்குப் போய் அங்கேயே நின்றது. மூன்று டிகிரி வித்தியாசம். நொடிக்கு எத்தனை படம் என்கிற ஃப்ரேமில் எந்த வித்தியாசமும் இல்லை.

நான் எதிர்பார்க்காத இடத்தில் ஒரு பாடம் கிடைத்தது. லிக்விட்டை முன்பக்கம் மாட்டியபோது ரேடியேட்டர் வழியே சூடேறிய காற்றுதான் கேஸுக்குள் வந்தது. கிராபிக்ஸ் கார்டு 4 டிகிரி ஏறிவிட்டது. மேலே மாட்டினால் கிராபிக்ஸ் கார்டு பழையபடி இறங்கியது, ஆனால் அது கக்குகிற 170 வாட் சூடு ரேடியேட்டர் வழியேதான் வெளியே போக வேண்டும், அதனால் ப்ராசசர் 71க்கு ஏறியது. அப்போது காற்றுக் கூலரோடு வித்தியாசம் ஒரே ஒரு டிகிரி. கேமிங் மெஷினில் ப்ராசசரை விட இரண்டு மடங்கு சூடு கிராபிக்ஸ் கார்டிலிருந்து வருகிறது. எல்லோரும் சின்ன அடுப்பைப் பற்றியே சண்டை போடுகிறோம்.

அதனால் அடுத்த வேலை கேஸின் முகத்தில். முன்பக்கம் முழுக் கண்ணாடி. காற்று ஓரத்தில் விரல் அகல இடுக்கு வழியேதான் நுழைய வேண்டும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். எல்லாம் ஐந்து டிகிரி இறங்கியது, ப்ராசசரும் கார்டும் சேர்த்து. இரண்டு கூலருக்கும் நடுவே இருந்த வித்தியாசத்தை விட இது பெரிது, காசும் செலவில்லை. கண்ணாடி இருந்த இடத்தில் கொசு வலைக்கு வைக்கிற அலுமினிய வலையைச் சட்டம் அளவுக்கு வெட்டி, காந்தப் பட்டையால் ஒட்டினேன். நைலான் கொசு வலையை விட இதில் காற்று நன்றாக வருகிறது, கழுவவும் முடிகிறது.

இரவு அக்கா ஒரு விஷயம் சொன்னாள். கரண்ட் போய்த் தெரு முழுக்க அமைதியான பிறகு, இரவல் லிக்விட் பம்ப் விடாமல் 'ம்ம்ம்' என்று முனகுவது பக்கத்து அறை வரை கேட்கிறதாம். ஃபேன் சத்தம் காற்றுச் சத்தம், தூங்கிவிடலாம். இது கொசு மாதிரி காதிலேயே நிற்கிறது என்றாள். மருமகன் கடைசியில் தலையாட்டியது இதைக் கேட்டுத்தான் என்று நினைக்கிறேன். லிக்விட் நண்பரிடம் திரும்பிப் போனது.

இதனால் லிக்விட் வேண்டாத பொருள் என்று நான் சொல்ல மாட்டேன். கோர் ஐ9-14900கே போன்ற, 253 வாட் வரை குடிக்கிற ப்ராசசரில் நாள் முழுக்க வீடியோ ரெண்டர் செய்கிறவருக்கு 360 லிக்விட்டைத்தான் நானே போட்டுக் கொடுப்பேன். உயரமான கூலர் நுழையாத சின்னக் கேஸுக்கும் அதுதான். மெஷினை அடிக்கடி டாக்சியில் தூக்கிக்கொண்டு போகிறவருக்கும், மதர்போர்டில் பெரிய எடை தொங்காமல் இருப்பது நல்லது. ஒன்றே ஒன்று: ரேடியேட்டரை எங்கே மாட்டினாலும், பம்ப் அந்த வளையத்தின் மிக உயரமான இடமாக இருக்கக் கூடாது. உள்ளே இருக்கிற காற்றெல்லாம் பம்ப்பில் போய்த் தங்கி, களகளவென்று சத்தம் போட்டு, சீக்கிரம் அதைத் தேய்த்துவிடும். கேம் மட்டும் விளையாடுகிறவர் இன்று புதிதாக ரைசன் 7 7800எக்ஸ்3டி வாங்கினாலும், கேமில் அது பெரும்பாலும் 90 வாட்டைத் தாண்டாது. இரட்டைக் கோபுரக் காற்றுக் கூலரே தாராளம்.

மாட்டும்போது இடித்தது ரேம். விளக்கு வைத்த உயரமான ரேம் என்பதால் முன் ஃபேன் அதன் மேல் உட்காரவில்லை. ஃபேனைக் கம்பிக் கொக்கியோடு 12 மி.மீ. மேலே தூக்கினேன். கூலர் உயரம் 155 மி.மீ., அதோடு 12 சேர்த்தால் 167. கேஸ் தாங்குவது 170. மூன்று மி.மீ. மிச்சம் வைத்துக் கதவு மூடியது. வாங்குவதற்கு முன்னால் இந்த இரண்டு அளவையும் பாருங்கள், கேஸுக்குள் டேப் வைத்து அளந்தே பாருங்கள். ஸ்க்ரூ முடுக்கும்போது ஒரு பக்கத்தையே முழுக்க முடுக்காமல், இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று என்று மாறி மாறி முடுக்க வேண்டும். இல்லையென்றால் பேஸ்ட் ஒரு ஓரமாக ஒதுங்கிவிடும். நடு ஃபேனைக் கழற்றினால்தான் ஸ்க்ரூவே கண்ணுக்குத் தெரியும்.

பிறகு சூட்டின் ஊற்றுக்கே போனேன். பயாஸில் மின்சாரத்தைக் குறைக்கிற ஈகோ மோட், 65 வாட் வகுப்பு. அதில் உண்மை வரம்பு 88 வாட். சினிபெஞ்சில் இப்போது 90க்குப் பதில் 70. மதிப்பெண் நூற்றுக்கு எட்டு குறைந்தது. கேமில் ஃப்ரேம் அப்படியே. கிராபிக்ஸ் கார்டையும் 80 விழுக்காட்டில் நிறுத்தினேன்: 170 வாட் 136 ஆனது, ஃப்ரேம் இரண்டோ மூன்றோ குறைந்தது.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அப்போது எங்களுக்குக் கரண்ட் நாலு மணி நேரம் வந்து நாலு மணி நேரம் போகும், வந்தாலும் நிச்சயமில்லை. வீட்டு இன்வெர்ட்டருக்கு 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி பேட்டரி. பெருக்கினால் 2400 வாட்-மணி. லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் வடித்தால் சீக்கிரம் செத்துவிடும். பாதியிலும் இன்வெர்ட்டர் தின்றது போகக் கைக்கு வருவது ஏறக்குறைய ஆயிரம். மெஷினும் மானிட்டரும் முன்பு கேமில் 315 வாட் இழுத்தன. மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. இப்போது 250, நாலு மணி நேரம். வீட்டு விளக்கும் ஃபேனும் அதே பேட்டரியில் என்பதால் கரண்ட் இல்லாதபோது இரண்டு மணி நேரம் போதும் என்று அக்கா உத்தரவு போட்டிருக்கிறாள்.

மழைக்காலம் தொடங்கி ஆறு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். வலை கறுத்திருந்தது. பகலில் கரண்ட் போனதும் கீழே நடைபாதையில் வரிசையாக ஜெனரேட்டர் ஓடும், அந்தப் புகைக் கரி. மழை ஈரத்தில் தூசும் கரியும் சேர்ந்து கம்பளி மாதிரி ஒட்டிவிடுகிறது, ஊதினால் போகாது. வலையைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவினோம். ஃபேன் இறக்கைகளை விரலால் பிடித்து, சுற்றவிடாமல், பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்தோம். கோபுரத் தகடுகளுக்கு நடுவே ஒரு பல்லிக் குட்டி காய்ந்து கிடந்தது. அதையும் எடுத்துப் போட்டோம். அறை 31, கேமில் 64.

செத்த லிக்விட் கூலரின் இரண்டு ஃபேனும் நன்றாக இருந்தன. அவற்றை அந்த அலுமினிய வலைக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன். மூன்றாவது ஃபேன் ஒன்று கேட்டிருக்கிறான், விளக்கு வைத்தது. அடுத்த முறை பாலம் தாண்டும்போது வாங்கிக்கொண்டு போக வேண்டும்.